நடுவர் நாற்காலியில் வாப்பா

நாணயம் மேசையில் உருண்டு ஓய்ந்து தலையைக் காட்டியபோது, பூ கேட்டிருந்த மஸீஹா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கூட நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அழுதிருப்பார்கள்.

மாத்தளை நகரத்தில் அவள் படித்த தமிழ்மொழிப் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கென்று பல கழகங்கள் இருந்தன. விஞ்ஞானக் கழகம் வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைத்துவிட்டுத் தூங்கிவிடும். ஊடகக் கழகத்தார் கையில் கிடைத்த ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். சுற்றாடல் கழகம் லக்கல பக்கம் மரம் நடப் போய், யானை நிற்கிறதென்று யாரோ சொன்னதும் கன்றுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த கதை இன்றைக்கும் சிரிப்புக்கு உதவும். ஆனாலும் பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தந்தது விவாதக் கழகம்தான். அதன் தலைவி மஸீஹா. உயிரியல் பிரிவில் இரண்டாம் வருடம்.

கழகத்தின் ஆண்டு அமர்வு மறுநாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்க இருந்தது. பெற்றோர் முன்னிலையில் கழகத்துக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து விவாதிப்பார்கள். இந்த வருடத் தலைப்பு, 'உயர்தர மாணவருக்குக் கழகங்கள் வேண்டாத சுமை.' ஒரு அணிக்கு மஸீஹா தலைமை, மற்றதற்கு அவளோடு படிக்கும் பவித்ரன். நாணயச் சுழற்சியில் வென்ற பவித்ரன் யோசிக்காமல் எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டான். கழகங்கள் சுமைதான் என்று பேச வேண்டியது மஸீஹாவின் பங்கானது.

"மன்னிச்சுக்க கப்டன்," என்றான் அவன். "லேசான பக்கமும் உனக்கே கிடைச்சா நாங்கல்லாம் எதுக்கு வர்றது?"

"நீ எந்தப் பக்கம் நின்னாலும் வர்றது வீண்தான்," என்றாள் மஸீஹா.

அவள் சிரித்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. 'கழகங்கள் சுமை' என்று இரண்டு மாதமாக அங்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று இவள் மறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருவர் அவளுடைய வாப்பா. ரவூப் முதலாளி கிராமத்து ஆட்களிடம் மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. மகளை டாக்டராகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, மகளுக்கும் அதே ஆசைதான். சண்டை அதைப் பற்றி இல்லை. சனிக்கிழமையைப் பற்றி. யார் யாரையோ பிடித்துக் கண்டியில் பேர்போன இரசாயனவியல் வகுப்பொன்றில் அவளுக்கு இடம் எடுத்திருந்தார். அந்த வகுப்பு சனிக்கிழமை முழுவதும் நடக்கும். விவாதக் கழகத்தின் பயிற்சியும் சனிக்கிழமைதான். மாகாணப் போட்டிக்கான பயிற்சி அடுத்த வாரம் தொடங்க இருந்தது.

அதே ஆசிரியர் புதன்கிழமை மாலையில் மாத்தளைக்கே வந்து படிப்பிக்கிறார் என்று மஸீஹா சொல்லிப் பார்த்தாள். கண்டியில் படிப்பிக்கிறவர் மாத்தளைக்கு வரும்போது பாதி மூளையை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வருவார் என்று ரவூப் முடித்துவிட்டார். அவளுடைய உம்மா பீபி இரண்டு பேருக்கும் நடுவில் கறிச்சட்டியை வைத்து, சாப்பிடும்போதாவது வாயை வேறு வேலைக்கு வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

ரவூபின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது மூத்த மகன் ஸஜ்ஜாத். பாடசாலையில் அவன் இல்லாத கழகம் கிடையாது. உதைபந்தாட்ட அணியின் தலைவன், பேண்ட் வாத்தியக் குழுவில் பெரிய மேளம், நாடகத்தில் ராஜா. வகுப்பில் மட்டும்தான் இல்லை. உயர்தரத்தில் சித்தியடையவில்லை. இப்போது சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டி, சுற்றுலாப் பயணிகளோடு அவரவர் மொழியில் பகிடி விட்டுக்கொண்டு சந்தோஷமாகவே இருக்கிறான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ரவூப் வாசலுக்குப் போய் அந்த த்ரீவீலைச் சுற்றிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், நல்லாயிருக்கிறது என்பார். பிறகு உள்ளே வந்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று மஸீஹாவிடம் கேட்பார்.

கடைசியில் உடன்பாடு இதுதான். ஆண்டு அமர்வோடு மஸீஹா தலைமைப் பொறுப்பை ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை கண்டிக்குப் போக வேண்டும். "இது கடைசி, மகள். நல்லாக் கதைச்சிட்டு இறங்கிடுங்க," என்றார் ரவூப். இறங்கக் கூடாது என்பதுதான் மஸீஹாவுக்கு உலகத்திலேயே பெரிய விஷயமாக இருந்தது.

இதற்கு மேல் ஒரு சிக்கல். கழகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டு அமர்வில் நடுவர்கள் மூன்று பேர். பொறுப்பாசிரியை நிரஞ்சலா டீச்சர் ஒருவர். மற்ற இருவர், இரண்டு அணித் தலைவர்களின் வீட்டிலிருந்தும் வருகிற தாயோ தகப்பனோ. வீட்டிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தலைப்பையோ பக்கத்தையோ அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அப்படி மறைத்தும் பலன் இருந்ததில்லை. வருடா வருடம் இரண்டு வீட்டாரும் தத்தம் பிள்ளைக்கே புள்ளியைப் போடுவார்கள், கடைசியில் டீச்சர்தான் தீர்மானிப்பார்.

இந்த முறை பவித்ரன் பக்கத்தில் அவனுடைய அப்பா மகேந்திரராஜா. மஸீஹா பக்கத்தில் ரவூப்.

அவளுடைய அணியின் இரண்டாம் பேச்சாளர் றிஸ்மியாவுக்கு இது சரியாகப் படவில்லை. அவள் மஸீஹாவை மாடிப்படி ஓரமாக இழுத்துக்கொண்டு போய், நாளைக்குக் கொஞ்சம் சொதப்பிவிடும்படி சொன்னாள். "உங்க வாப்பாக்கு முன்னால நீயே கழகம் வேணாம்னு சொன்னா, அதுக்குப் பிறகு வீட்டுல உனக்கு என்ன வாய் இருக்கு?"

"சொதப்பினா மட்டும் வாய் இருக்குமா?" என்றாள் மஸீஹா. "ரெண்டு வருஷம் கழகத்துல இருந்து இதைத்தான் படிச்சியான்னு கேப்பார். நான் கப்டன். கப்டன் மாதிரியே கதைக்கிறேன்."

அன்று மாலை மேசையில் உட்கார்ந்தபோது எழுதுவதற்குச் சிரமப்படுவோம் என்றுதான் நினைத்தாள். கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. வாப்பா இத்தனை நாளும் சொன்னதெல்லாம் மனப்பாடமாகவே இருந்தது. அதை ஒன்று இரண்டு என்று கருத்துகளாகப் பிரித்து எழுதினாள். இடையில் குறுக்கிட்டுப் பதில் சொல்ல ஆளில்லாமல் அவை காகிதத்தில் அமைதியாக நின்றபோது, நினைத்த அளவுக்குப் பலவீனமாகத் தெரியவில்லை. மஸீஹாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஓரிடத்தில் வந்து நின்றாள். நானா ஸஜ்ஜாதைத் தொலைபேசியில் அழைத்து, அவனுடைய கதையை மேடையில் சொல்லலாமா என்று கேட்டாள். ஸஜ்ஜாதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்வதென்றால் ஆட்கள் அழுகிற மாதிரிச் சொல்ல வேண்டும், அரைகுறையாகச் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்றான். வாப்பா அந்த நாளில் உன்னைத் தடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவள் கேட்டதும் சிரிப்பு நின்றது. அவன் த்ரீவீலை ஓரமாக நிறுத்துவது கேட்டது.

"தடுத்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன் தங்கச்சி," என்றான். "ஆனா ஏன் தடுக்கல்லன்னு சில நேரம் நினைப்பேன்."

மறுநாள் மண்டபத்தில் மகேந்திரராஜா முதலிலேயே வந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளர். மாத்தளைக்கு மாற்றலாகி வந்து இங்கேயே வீடும் கட்டிவிட்டவர். ரவூப் பிந்தி வந்தார். ஜும்மாவுக்குப் பிறகு கலேவெலப் பக்கமிருந்து சரக்கு வந்துவிட்டதாம். நாணயச் சுழற்சியைப் பற்றியும் அணிகள் பக்கம் எடுத்த விதத்தைப் பற்றியும் நிரஞ்சலா டீச்சர் விளக்கி முடித்த பிறகுதான் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நடுவர் நாற்காலியில் அமர்ந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் அவருடைய மகள் நின்றாள்.

மஸீஹா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உயர்தரம் என்பது இரண்டரை வருடத்தில் ஓடி முடிக்க வேண்டிய ஓட்டம் என்று தொடங்கினாள். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படித் தூங்கும் என்பதை நடித்துக் காட்டினாள், முன்வரிசையில் சில தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கழகத்தில் கிடைக்கும் கைதட்டல் அன்றே தீர்ந்துவிடும், பெறுபேறு வாழ்நாள் முழுவதும் கூட வரும் என்றாள். கடைசியில் குரலை இறக்கினாள்.

"நடுவர் அவர்களே, ஒரு மாணவரை எனக்குத் தெரியும். இந்தப் பாடசாலையின் எல்லாக் கைதட்டல்களும் அவருக்குக் கிடைத்தன. அவரை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். இன்று அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் என்னிடம் சொன்னார், ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று சில நேரம் நினைப்பேன் என்று. தன் மகனைத் தடுக்காத ஒரு தகப்பன் தன் மகளைத் தடுத்தால், அது கொடுமை அல்ல. அது அன்பு. நன்றி."

கைதட்டல் எழுந்தது. ரவூப் கைக்குட்டையைக் கண்ணில் வைத்திருந்தார். பிறகு, நடுவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர், இதுக்கு மேல விவாதம் எதுக்கு? என் மகளே சொல்லிட்டா. ரெண்டு மாசமா வீட்டுல நான் சொல்றது இதைத்தான். அல்ஹம்துலில்லாஹ், அவவுக்கே விளங்கிட்டு."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நிரஞ்சலா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் போய், இங்கே யாரும் தங்கள் சொந்த எண்ணத்தைப் பேசுவதில்லை, நாணயம் கொடுத்த பக்கத்தைத்தான் பேசுவார்கள் என்று விளக்கினார். மஸீஹாவுக்கு இந்தப் பக்கம் விழுந்தது என்றார். ரவூபின் முகம் மாறியது. கடையில் ஒரு வார்த்தை சொன்னால் சரக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வார்த்தையிலேயே நிற்கிற மனிதர் அவர்.

"அப்ப அவ சொன்னது பொய்யா?"

சிரிப்பு நின்றது. டீச்சர் மஸீஹாவைப் பார்த்தார். பேசி முடித்தவர் இடையில் மீண்டும் பேசக் கூடாது என்பது விதி. டீச்சர் தலையசைத்து அனுமதித்தார்.

"ஒண்ணும் பொய் இல்ல வாப்பா," என்றாள் மஸீஹா. "நானா சொன்னது உண்மை. நீங்க பயப்படுறதும் உண்மை. வீட்டுல நீங்க சொல்லும்போது பதில் சொல்ற அவசரத்துல நான் கேக்கவே இல்ல. இந்தப் பக்கம் விழுந்ததாலதான் உக்காந்து கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"கேட்டும் என் எண்ணம் மாறல்ல. ஆனா அதை இப்ப சொல்றது முறை இல்ல. நீங்க உக்காருங்க, பவித்ரன்ட நேரம் போகுது."

ரவூப் உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலியின் நுனியில்.

பவித்ரன் மேடைக்கு வந்து, கையிலிருந்த குறிப்புகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதைக் கண்டதும் மஸீஹா பேனாவைக் கையில் எடுத்தாள். அவன் இப்படிச் செய்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"நடுவர் அவர்களே," என்றான். "சார்பு அணித் தலைவியின் பேச்சைக் கேட்டு ஒரு நடுவர் கண் துடைத்தார். எழுந்து நின்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நான் அவரிடம் ஒன்று கேட்கிறேன். தனக்கு உடன்பாடு இல்லாத பக்கத்தை எடுத்து, அந்தப் பக்கத்து மனிதரே அழும்படி பேச இவர் எந்த வகுப்பில் கற்றார்? இரசாயனவியல் வகுப்பிலா? எதிரில் நிற்பவரின் பயத்தை அவரைவிட நன்றாகச் சொல்ல எந்தப் பாடப் புத்தகம் கற்றுக்கொடுத்தது? கழகம் சுமை என்று இவர் சொன்னார். சொல்லக் கற்றுக்கொண்டது கழகத்தில். இவர் நன்றாகப் பேசப் பேச, வெல்வது எங்கள் பக்கம்."

மஸீஹா தன்னை மறந்து மேசையைத் தட்டிவிட்டாள். எதிரணிக்காகத் தட்டுகிறாளே என்று றிஸ்மியா அவள் கையைப் பிடித்தாள். மஸீஹாவுக்கு அது பொருட்டாக இல்லை. நல்ல அடி வாங்கினாலும் நல்ல அடி என்று ஒத்துக்கொள்கிற கூட்டத்தில்தான் அவள் வளர்ந்திருந்தாள்.

இரண்டாம் பேச்சாளர்களும் பேசி முடித்த பிறகு, தொகுப்புரையில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவரின் திறமையைக் காட்டி எல்லோருக்கும் விதி எழுத முடியாது, தேறியவர்கள் மேடையில் நிற்கிறார்கள், தேறாதவர்கள் இந்த மண்டபத்திலேயே இல்லை என்றாள். பவித்ரன் புருவத்தை உயர்த்திப் பாராட்டினான். ஆனாலும் அவன் கேட்ட கேள்வி அசையாமல் அங்கேயே நின்றது. அது அவளுக்கும் தெரிந்தது.

தீர்ப்பு நேரம். டீச்சர் வழக்கப்படி பெற்றோரை முதலில் அழைத்தார். என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் பின்வரிசைகளில் ஏற்கெனவே பேச்சு தொடங்கியிருந்தது.

மகேந்திரராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர மகன் கெட்டிக்காரன்தான். ஆனா அவன் அந்தப் பிள்ளையின்ர பேச்சுக்கு மேல ஏறி நிண்டுதான் கதைச்சவன். பிள்ளை ஒண்டும் இல்லாத நிலத்தில கட்டி எழுப்பினவ. என்ர புள்ளி அவவுக்கு."

பவித்ரன் தலையில் கை வைத்துக்கொண்டான். பின்வரிசைப் பேச்சு நின்றது. ரவூப் எழுந்தார். மகேந்திரராஜாவைப் பார்த்து ஏதோ மன்னிப்புக் கேட்கிறவர் போலத் தலையசைத்தார்.

"என் மார்க் மகேந்திரராஜா சேர்ட மகனுக்கு," என்றார். "மிளகு வாங்கும்போது நான் மூட்டைக்குள்ள கையை விட்டு அடியில இருக்கிறதை எடுத்துத்தான் பாப்பேன். கொண்டு வந்தவர் சொந்தக்காரர்னு பாக்கிறது இல்ல. தம்பி கேட்ட கேள்விக்கு நானும் என் பக்கத்துல நின்னு பதில் தேடிப் பாத்தேன், டீச்சர். எனக்குக் கிடைக்கல்ல."

கழகம் தொடங்கிய நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்துவிட்டது. இரண்டு தகப்பன்மாரும் அடுத்தவர் பிள்ளைக்குப் புள்ளி போட்டிருந்தார்கள். முடிவு மறுபடியும் டீச்சர் கையில். நிரஞ்சலா டீச்சர் கருத்தொழுங்கையும் மொழியையும் நேரத்தையும் கணக்கிட்டு, சார்பு அணி வென்றதாக அறிவித்தார். உயர்தர மாணவருக்குக் கழகங்கள் வேண்டாத சுமை என்று விவாதக் கழகம் தீர்மானித்துவிட்டது. றிஸ்மியா ஒரு கண்ணால் சிரித்து மறு கண்ணால் அழுதாள்.

மஸீஹா வெற்றிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நடுவர் பக்கம் திரும்பினாள். வாப்பாவைக் காணவில்லை.

அவர் மண்டபத்தின் மறுமூலையில், தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்த மேசையருகில், நிரஞ்சலா டீச்சரை மறித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. உங்க தீர்ப்பு சரியில்ல."

டீச்சர் விதிமுறைகளைச் சொன்னார். ரவூப் கேட்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் தனியாகவும் படித்துக்கொள்ளும், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்பதை எங்கே படிக்கும் என்று கேட்டார். மகேந்திரராஜா தேநீரோடு வந்து சேர்ந்தார். பெறுபேறு முக்கியமில்லையா என்று அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைக்க, ரவூப் அவர் பக்கம் திரும்பினார். நோயாளியோடு கதைக்கத் தெரியாத டாக்டரிடம் யார் போவார்கள் என்று கேட்டார். நேரத்தைப் பிரித்து வேலை செய்யப் பழகுவதும் படிப்புத்தானே என்றார். கிண்ணத்தோடு பின்னால் நின்ற மஸீஹாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னவை எல்லாம், ஒன்றுகூட விடுபடாமல், அவள் சொன்ன வரிசையிலேயே வந்துகொண்டிருந்தன. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"வாப்பா," என்றாள்.

"பொறுங்க மகள், சேரோட கதைச்சிட்டிருக்கேன்."

"ஒண்ணே ஒண்ணு. அப்ப அடுத்த சனிக்கிழமை நான் ப்ரக்டிஸுக்கு வரலாமா?"

ரவூபின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. அவர் மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பதிலுக்குக் காத்திருக்கும் மகேந்திரராஜாவைப் பார்த்தார். றிஸ்மியா வாயிலிருந்த ரோல்ஸை மெல்லுவதை நிறுத்தினாள். தான் இவ்வளவு நேரமும் எந்தப் பக்கம் நின்று பேசினோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கடையில் நல்ல விலை சொன்னவரிடம் தோற்றுப்போகும்போது வருகிற சிரிப்பு, மெதுவாக அவர் தாடிக்குள் பரவியது.

"வராம?" என்றார். "மாகாணப் போட்டிக்குக் கப்டன் இல்லாமயா போறது? கெமிஸ்ட்ரிக்கு அந்த சேர்ட புதன்கிழமை க்ளாஸுக்குப் போங்க. நான் கடையைப் பூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்." பிறகு விரலை உயர்த்தினார். "தவணைப் பரீட்சையில கெமிஸ்ட்ரி குறைஞ்சா, திரும்பவும் கதைப்போம்."

"குறையாது வாப்பா."

அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, விட்ட இடத்தைத் தேடி மகேந்திரராஜாவிடம் திரும்பினார்.

மஸீஹா கிண்ணத்தை றிஸ்மியாவின் கையில் கொடுத்தாள். பவித்ரன் அடுத்த ரோல்ஸை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு," என்றாள் இரண்டு பேரையும் பார்த்து. "பிந்தி வர்றவங்க வெளியில நிக்கணும்."